சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

1

இந்தக் கதைக்கு என் கையிருப்பு ஒரே ஒரு காட்சிதான். நிகழ்ச்சி முடிந்த ஒரு மண்டபத்தில், யாரும் தொடாத பலகாரத் தட்டுகளுக்குப் பக்கத்தில், நல்ல புடவை கட்டிய ஒரு பெண் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்தது அவ்வளவுதான். விஷ்ணுப்ரியா என்பது நான் வைத்த பெயர். இசையமைப்பாளர் என்பது நான் கொடுத்த வேலை. பின்னால் வரும் இரண்டு விமர்சனங்களும் நான் எழுதியவை. இப்படித்தான் எழுதுவார்கள் என்று தெரிந்திருந்ததால் அதிக நேரம் பிடிக்கவில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

"கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளில் மல்லிகை வாசம் கமழ..."

(நிறுத்திவிட்டேன். ஊரே அங்கே காரை நிறுத்த இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் மட்டும் பூக்கடையை விட்டு நகர மாட்டோம்.)

"சின்ன வயதிலேயே அவளுடைய காதுகள் சாதாரணமானவை அல்ல என்று..."

(பொய். எல்லாப் பிள்ளைகளையும் போல டியூஷனுக்குப் போய்வந்த காதுகள்தான்.)

"நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தங்கமணி இறந்தபோது அழுவதற்கு ஆளில்லை."

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

தங்கமணி, விஷ்ணுப்ரியாவின் அம்மா. கிள்ளானில் தன் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்பியவர். அவர் கொரோனாத் தொற்றில் போனபோது உடலை உறையில் சுற்றி நேராகத் தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். பூச்சோங் வீட்டில் அடைபட்டிருந்த மகள் அதைக் கைப்பேசியில் பார்த்தாள். படம் பாதியிலேயே உறைந்துவிட்டது. சங்கு இல்லை, சேகண்டி இல்லை, கட்டிப்பிடித்து அழ ஒருத்தியும் இல்லை. யார் யாருக்கோ அழுத அம்மாவுக்கு அழ யாருமே வரவில்லையே என்பது அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

3

பிறகு ஒருநாள், சாவு வீடுகளில் சேகண்டி தட்டும் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு காலி வீட்டில் தட்டச் சொல்லிப் பதிவு செய்தாள். சங்கையும் ஊதச் சொன்னாள். அந்த ஒலிகளைக் கணினியில் நீட்டி, பிரித்து, அம்மா அனுப்பிய குரல் செய்திகளில் வார்த்தைகளை நீக்கி மூச்சை மட்டும் எடுத்து, அவற்றோடு கோத்தாள். அதை அரங்கேற்றிய மண்டபத்தைச் சுற்றிலும் ஸ்பீக்கர்கள். திரையில் அந்த உறைந்த படம், வெறும் வண்ணக் கட்டங்களாகும் வரை பெரிதாகிக்கொண்டே போகும்.

(பாட்டு இல்லை, தாளம் இல்லை. இதற்கும் இசை என்றுதான் பெயர். என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.)

நிகழ்ச்சிக் கையேட்டில் அம்மாவைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. வெளி, நினைவு, ஒலியின் பொருண்மை என்று என்னென்னவோ எழுதினாள். அழுகாச்சிக் கலைஞர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

அரங்கேற்ற நாள் மாலை கிள்ளானிலிருந்து அம்மாவின் தெருவே வேன் பிடித்து வந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"யாரும்மா பாடுறா?"

"யாரும் பாட மாட்டாங்க ஆன்டி. ஸ்பீக்கர்லதான் வரும்."

"அப்ப நாங்க என்னா செய்யணும்?"

"சும்மா உக்காந்து கேளுங்க, போதும்."

"அது எங்களுக்கு நல்லா வரும் லா."

விளக்குகள் அணைந்தன. முதல் சேகண்டி அடி பின்னாலிருந்து வந்தது. முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிவதைப் பார்த்து, தூங்கிவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அவள் ஓடிப்போய்ப் பலகார மேசைக்கருகே நின்றாள். வடை இருந்தது, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இருந்தது. கிள்ளான்காரர்கள் அவளைக் கடந்து, முகத்தைப் பார்க்காமல், வேனில் ஏறிப் போனார்கள்.

4

ஆங்கில நாளிதழ் எழுதியது: "தொன்மையான கோயில் மணிகளின் பேரமைதி. மனத்தை இளைப்பாற்றும் ஒரு தியான அனுபவம்."

தமிழ் நாளிதழ் எழுதியது: "மங்கலமாகக் குத்துவிளக்கேற்றித் தொடங்கிய நிகழ்ச்சியில் இப்படி ஓர் அபசகுனமா? நடுவில் ஒலிபெருக்கிக் கோளாறு வேறு."*

* அந்தக் கோளாறுதான் அம்மாவின் மூச்சு.

முதலாவதைப் படித்து விஷ்ணுப்ரியா சிரித்தாள். இரண்டாவதை இரண்டு தடவை படித்தாள். ஆனால் அவளை உடைத்தது இவை இல்லை. பேப்பர்காரனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடலாம். அம்மாவோடு வாழ்நாளெல்லாம் பழகிய மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போனதை எப்படி விடுவது? அம்மாவை இரண்டாம் முறையும் அநாதையாக அனுப்பிவிட்டோம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவள் எதையும் பதிவு செய்யவில்லை.

5

முடிவுகளுக்கு வருகிறேன்.

(அ) ஐரோப்பாவில் ஒரு விருது கிடைக்கிறது. அதே தமிழ் நாளிதழ் மாலையும் கழுத்துமாக அவள் படத்தைப் போடுகிறது. இது நடக்கக்கூடியதுதான். எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

(ஆ) விமர்சகர் அவள் வீட்டுக்கே வந்து, தன் தவற்றை...

(விமர்சகர்கள் வீட்டுக்கு வருவதில்லை.)

(இ) இதற்கு அவளை விட்டுவிட்டு நான் வேனில் ஏற வேண்டியிருக்கிறது. இதுவரை அவள் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கும் எதுவும் புரியாமல் போயிருந்தது.

6

வேன் கிள்ளான் போய்ச் சேர்ந்தது. புஷ்பவல்லி தன் வீட்டுக்குள் நுழையாமல், பின்பக்கக் குழாயடிக்குப் போய், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மருமகள் ஷாமினி ஓடி வந்தாள்.

"என்னா அத்தை, மியூசிக் ஷோ போய்ட்டு வந்து தலைக்கு ஊத்துறீங்க?"

"ஷோவா? தங்கமணிய அனுப்பி வச்சிட்டு வரேன்." இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டார். "அன்னிக்கு விடல. இன்னிக்குத்தான் போய் அழ முடிஞ்சிச்சி."

"அந்த அக்கா முன்னமே அனுப்புன கையேட்டுல அப்படி ஒண்ணும் போடலையே?"

"சேகண்டி கேட்டா தெரியாதா எங்களுக்கு?"

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

புஷ்பவல்லி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "சாவு வீட்டுல போய்ட்டு வரேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

அன்றிரவு அந்தத் தெருவில் பல வீடுகளில் குழாய் திறந்திருந்தது. சாவு வீட்டில் கை நனைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை, அதனால்தான் வடை அப்படியே இருந்தது. விஷ்ணுப்ரியாவுக்கும் இந்த வழக்கமெல்லாம் தெரியும். கைதட்டலுக்குக் காத்து நின்றவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

புஷ்பவல்லி இதை விஷ்ணுப்ரியாவிடம் சொல்லப் போவதில்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். ஷாமினியை அவளோடு தொலைபேசியில் பேசவைத்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். இப்போது பூச்சோங்கில் விஷ்ணுப்ரியா கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் படைப்பை நிரந்தரமாக அழித்துவிடலாமா என்று திரை கேட்கிறது. அவள் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அவளை உண்டாக்கியவன் நான், என் குரல் அவளுக்குக் கேட்காது.

இதைப் படிக்கும் நீங்கள் வெளியிலிருந்து வந்தவர். நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியும். எழுந்து போவதென்றால் போகலாம். ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அவள் என்ன நினைப்பாள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.