தாஹா பேருக்கு வந்த வெக்கை

2024ஆம் வருடம் தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ பாங்கு சொல்லி முடிந்த கையோடு, பதினேழு வருடங்களுக்கு முன்பு தம்மாமில் ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட வெக்கை, பெரியபட்டினத்தில் சுலைகாவின் வீட்டு வாசலில் வந்து நின்றது. கதவின் அகலத்துக்கு இருந்தது. மத்தியானத் தார் ரோட்டின் மேல் காற்று நெளியுமே, அப்படி நெளிந்துகொண்டிருந்தது. யாரோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்த சுலைகா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அது மரியாதையாக உள்ளே வந்து, விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தது. கூடத்திலிருந்த இரண்டு பல்லிகளும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயின. கரண்ட் போனால் ஏற்றுவதற்கென்று வைத்திருந்த மெழுகுவத்தி தலையைத் தொங்கப்போட்டது. தொழுகை முடிந்து வந்த அவள் கணவன் தாஹா படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். "இது அபூ ஸுஹைர் வீட்டு வெக்கையில்ல? சாம்பிராணியும் பழைய கம்பளமும் மணக்குது பாரு" என்றான்.

தாஹா ஏசி மெக்கானிக். மகள் அம்ரீனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது சவூதிக்குப் போனவன், அவளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பிவந்தான். இடையில் ஏழு தடவை லீவில் வந்தான், தடவைக்கு இரண்டு மாதம். பதினாறு வருடத்தில் பதினான்கு மாதம் புருஷனோடு இருந்திருக்கிறோம் என்று சுலைகா விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஏசிக்காரன் குளிரை உண்டாக்குகிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறார்கள், அவ்வளவுதான் சமாச்சாரம். அள்ளிக் கொட்டுவதற்குக் கரண்ட் வேண்டும், கரண்டுக்கு எண்ணெய் எரிய வேண்டும், எரிந்தால் அதுவும் சூடு. போதாக்குறைக்கு அந்தப் புகை, கொட்டிய சூட்டைப் போகவிடாமல் மேலே போர்வையாகப் போர்த்திக்கொள்ளும். வெளியே என்றால் எங்கே என்று பதினாறு வருடத்தில் ஒரு அரபியும் கேட்கவில்லை, தாஹாவும் யோசிக்கவில்லை. அவன் செய்த ஒரே பிழை வேறு. கையில் சொந்தமாக ஒரு போன்கூட இல்லாத ஆரம்ப காலத்தில், வேலை பார்த்தவன் யார் என்று தெரியட்டும் என்று, மாட்டிய அவுட்டோர் யூனிட்டின் முதுகிலெல்லாம் மார்க்கர் பேனாவால் தன் பேரையும் சுலைகா வீட்டு விலாசத்தையும் எழுதினான். அதைப் படித்துவிட்டுத்தான் வெக்கை வந்திருந்தது. கைக்குப் போன் வந்த பிறகும் அப்படி எழுதும் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை.

அடுத்த வெள்ளி 2008ஆம் வருடத்து வெக்கை வந்தது, அதற்கடுத்த வெள்ளி 2009. வருடம் தப்பாமல் வாரத்துக்கு ஒன்றாக வந்தன. தாஹா ஒவ்வொன்றையும் மணத்தை வைத்தே அடையாளம் சொன்னான். இது பேரீச்சம்பழக் கடை, இது பள்ளிக்கூடம், இது ஓயாமல் சிகரெட் பிடிக்கிற முதீர், அதாவது மேனேஜரின் ஆபீஸ். பிளாஸ்டிக் நாற்காலிகள் கால் வளைந்து உட்கார்ந்துவிட்டன. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் டீ போடும் பதத்தில் இருந்தது. நோன்பு தொடங்கியதும் பள்ளிவாசல்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கஞ்சி அண்டாவைச் சுலைகா வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ரமலான் முழுக்க விறகில்லாமல் அசர் தொழுகைக்குள் கஞ்சி கொதித்து இறங்கியது, ருசியும் நன்றாகவே இருந்தது. சாயங்காலங்களில் வெக்கைகள் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போய்வந்தன. தண்ணீருக்கடியில் பவளப்பாறைகள் வெளுத்துவிட்டதாகவும் கணவாய் மீன் ஆழத்துக்குப் போய்விட்டதாகவும் வலைக்காரர்கள் வந்து சொன்னபோது சுலைகாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

தாஹா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தான். ராமநாதபுரம் போய் ஒரு ஸ்பிளிட் ஏசி வாங்கிவந்து மாட்டினான். அது வெக்கையை உறிஞ்சி ஜன்னலுக்கு வெளியே தள்ளியது. வெளியே தள்ளப்பட்ட வெக்கை வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, விலாசத்தைச் சரிபார்த்துவிட்டு, முன்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தது. கூடவே ஏசியின் சொந்தச் சூடும் வந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டு அவனே அதைக் கழற்றினான். பிறகு மண்டபம் ஊரில் லாட்ஜ் எடுத்து இரண்டு நாள் தங்கிப் பார்த்தான். அந்த இரண்டு நாளும் வெக்கைகள் வரிசையாக அவன் பின்னாலேயே போய் லாட்ஜ் படிக்கட்டில் நின்றன. வீடு ஜில்லென்று இருந்தது. சுலைகாவுக்கு அந்தக் குளிர்ச்சி பிடிக்கவில்லை, பதினாறு வருடம் பார்த்த குளிர்ச்சிதான் அது.

இதில் அம்ரீன் மாசமாக இருந்தாள், வைகாசிக் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவான். பிள்ளை அங்கேதான் பிறந்து அங்கேதான் தவழும். கீழக்கரையிலிருந்து வந்த டாக்டரம்மா சுலைகா வீட்டுக்குள் கால் வைத்ததும் வெளியே வந்துவிட்டார். "இந்தச் சூட்டுல பச்சப்புள்ளய வச்சிருக்க முடியாதும்மா" என்றார். அம்ரீனை மாமியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மாமியார் பையை வாங்கி வைத்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. சுலைகா திரும்பிவந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே காய்ந்துவிட்டதால் தாஹாவுக்கு அது தெரியவில்லை.

சித்திரையில் இருளாண்டி வந்தார். முதுகுளத்தூருக்கு மேற்கே மிளகாய் போடுகிற சம்சாரி. பெரியபட்டினம் கடைக்கு வத்தல் மூட்டையோடு வந்தவர், பஸ் நின்றபோது எதையோ மோந்துவிட்டு இறங்கி, நேரே சுலைகா வீட்டுக்கு வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு கை வத்தலை எடுத்துக் காட்டினார். சிவப்பு கொஞ்சமும் பாக்கி தெளிந்த வெள்ளையுமாக இருந்தது.

"கோவிச்சுக்கிறாதீக பாய். இது எங்க காட்டுக்கு வர்ற வெக்கைதான், பத்து வருசமாப் பழக்கம். அத்தர் வாசம் வரும், அன்னிக்குப் பூவெல்லாம் கொட்டிப்போகும். மழை வேணுங்கிறப்ப வராது, வத்தலைக் களத்துல பரப்புனா மட்டும் வந்துரும். சாமி குத்தம்னு கெடாயெல்லாம் வெட்டிப் பாத்துட்டோம். இன்னிக்குத்தேன் வீட்டைக் கண்டுபிடிச்சேன்."

தாஹாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சில யூனிட்டுகளில் விலாசம் முழுதாக எழுத இடமில்லாமல் வெறும் ராம்நாடு என்று எழுதியிருந்தான். ஊர் பேர் இல்லாத வெக்கை மாவட்டம் முழுக்க அலைந்து, கேட்பாரில்லாத இடமாகப் பார்த்து இறங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் ஏசி உண்டா என்று அசட்டுத்தனமாகக் கேட்டான். "ஒரு காத்தாடி இருக்கு பாய். அதையும் கம்பை வச்சுத் தள்ளிவிட்டாத்தான் சுத்தும்" என்று சொல்லிவிட்டு இருளாண்டி சிரித்தார். அவர் சண்டை போட்டிருந்தால் தாஹா தாங்கியிருப்பான்.

அன்று சாயங்கால மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் சூட்கேஸைக் கீழே எடுத்து வைத்தான். "நான் போறேன் சுலைகா. எம்பேருக்குத்தான வருது, எங்கன போனாலும் எம்பின்னாலயே வந்துரும். புள்ள இங்கன வந்து பெறட்டும். தம்மாம்ல பழைய கம்பெனிக்காரன் இன்னமும் கூப்புடுறான்."

சுலைகா சூட்கேஸைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, அதற்கு வெக்கை காரணமில்லை. "பதினாறு வருசமாப் பெட்டி பெட்டியா வந்துச்சு, நீங்க வரல. இப்ப நீங்க வந்திருக்கீக, கூட நாலு பெட்டி வந்திருக்கு, அம்புட்டுத்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வெளிநாட்டில் சம்பாதிக்கிற சபுராளி வீட்டுக்குப் பெட்டி வந்தால் என்ன செய்வார்கள்? பிரித்துத் தெரு முழுக்கப் பங்கு வைப்பார்கள். சோப்பு, தைலம், கோடாலித் தைலத்துக்கு அடித்துக்கொள்ளும் கிழவிகளுக்குத் தனியாக ஒன்று. பெட்டி வந்தபோதெல்லாம் தெருவின் அறுபத்து மூன்று வீட்டுக்கும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். வெக்கையை மட்டும் ஏன் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் சஹன் தட்டுகளை எடுத்துத் துடைத்தாள். விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிற பெரிய தட்டு அது. வெக்கையைத் தட்டில் வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, வீடு வீடாகக் கொண்டுபோனாள். ஏசி இல்லாத வீட்டுக்கு ஒரு சிட்டிகை, ஒரு ஏசி வீட்டுக்கு ஒரு தட்டு, நாலு ஏசி வைத்திருந்த பெரிய வீட்டுக்கு நாலு. சபுராளி வீட்டுப் பங்கை வேண்டாம் என்று சொல்வது, இனி என் வாசல் மிதிக்காதே என்று சொல்வதற்குச் சமம். எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். "ஒண்ணே ஒண்ணு, இதை வெளிய மட்டும் தள்ளக் கூடாது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். முதல் நாளே இருபது வீட்டில் தள்ளினார்கள். விடிவதற்குள் இருபதும் சுலைகா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டு முந்தின நாள் மீன்குழம்பு மணந்ததால் யாருடையது என்று தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அவள் சலாம் சொல்லி, சிரித்த முகமாக, மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாளுக்கு மேல் யாருக்கும் அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தெம்பில்லை.

வெக்கையை உள்ளேயே வைத்து வாழ்வது என்று ஆன பிறகு ஆளாளுக்கு வழி தேடினார்கள். அது எங்கே பதுங்கும், எதற்குப் பயப்படும் என்று தெரிந்த ஒரே ஆள் தாஹாதான். சுண்ணாம்பு வாளியோடு அவன் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி வெள்ளையடித்தான். ஏசிக்காக அடைத்த காற்றுத் துவாரங்களை உடைத்துத் திறந்தான். எல்லா வீட்டிலும் பகலில் காத்தாடி ஓடுவதற்கு, வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கும் தகடு மாட்டினார்கள். வந்த விருந்தாளியையே வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி என்று தெரு சொன்னது. ஊருணியைத் தூர்வாரி, கரையில் பூவரசும் புங்கையும் நட்டார்கள். வெக்கைகள் ஒரேயடியாகப் போய்விடவில்லை, போகிற ஜாதி இல்லை அது. ஆனால் மெலிந்தன, பூனைக்குட்டி அளவில் மூலையில் படுத்துக்கொண்டன. இந்த இரண்டு வருடத்தில் பக்கத்துத் தெருக்களும் தங்கள் தங்கள் சபுராளிகளின் வெக்கையைக் கேட்டு வாங்கிப் பிரித்திருக்கின்றன.

இருளாண்டிக்கு மட்டும் சுலைகா பங்கு கொண்டுபோகவில்லை. அவளும் தாஹாவும் முதுகுளத்தூர் பஸ் ஏறிப் போய், மிளகாய்க் காட்டில் பத்து வருடமாக உட்கார்ந்திருந்ததைக் கூப்பிட்டார்கள். "அது ஒங்க பங்கே இல்லண்ணே, எங்க தெருவுது. கொடுங்க, கொண்டுபோறோம்" என்றாள் சுலைகா. இருளாண்டி இளநீர் வெட்டிக் கொடுத்தார். வரும்போது கண்டக்டர் வெக்கைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டதோடு சரி.

பதினாறாவது வெள்ளிக்கிழமை வந்த வெக்கை உள்ளே வரவில்லை. தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்றது. அம்ரீன் அதற்கு முந்தின நாள்தான் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள், உள்ளறையில் படுத்திருந்தாள். தாஹா குனிந்து மோந்து பார்த்தான், எந்த வீடு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சுலைகா வந்து நின்றாள். ஒரு மூச்சு இழுத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளே வெந்தயமும் கருஞ்சீரகமும் போட்டுக் காய்ச்சி, போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய். அதோடு பழைய போர்வை, ஈரத் துண்டு, எட்டு ஆம்பளைகளின் தூக்கம். தம்மாமில் அவர்கள் தங்கியிருந்த, அடுக்குக் கட்டில் போட்ட குச்சு அறைக்கு ஏசி மாட்டியதும் தாஹாதான். பதினாறு வருடம் அவன் உடம்பிலிருந்து எடுத்து வெளியே கொட்டப்பட்ட கதகதப்பு, ஒன்று குறையாமல் வந்து நின்றது.

"இதையும் பங்கு வச்சுருவமா?" என்று கேட்டுக்கொண்டே தாஹா சஹன் தட்டை எடுத்தான்.

"வைங்க அதைக் கீழ" என்றாள் சுலைகா. கதவை முழுக்கத் திறந்து, அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவதுபோல உள்ளே கூட்டிவந்து, தன் அறையில் கொடிக்கயிற்றுக்குக் கீழே உட்காரவைத்தாள். தாஹா தட்டைக் கொண்டுபோய் அடுக்கில் வைத்தான்.

ஒன்பதாம் நாள் பேத்தி பிறந்தாள், யும்னா என்று பேர் வைத்தார்கள். அந்த வருடம் ஐப்பசி மழை அடித்துக்கொண்டு பெய்ததில் ஊரில் ஒரு துணியும் காயவில்லை. சுலைகாவின் அறையில் மட்டும் காலையில் போட்ட பிள்ளைத்துணி மத்தியான லுஹர் பாங்குக்குள் காய்ந்துவிட்டது. தெருப் பெண்கள் ஈரத்துணி வாளியோடு வந்து கொடியில் இடம் கேட்டார்கள். கொஞ்சம் வெக்கையைக் கிள்ளிக் கொடுத்தால் வீட்டிலேயே காயப்போட்டுக்கொள்வோமே என்றும் ஒருத்தி கேட்டாள்.

"துணி எம்புட்டு வேணும்னாலும் போட்டுக்கங்க" என்றாள் சுலைகா. "இது எம்பங்கு."