மேசை மேல் ஒரு கோளுரு

அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்தச் சொல்லுக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டும் பொருளைக் கூட்ட மேசை மேல் வைக்க வேண்டும். கண்ணால் காணாததை அச்சில் ஏற்றக் கூடாது என்பது தலைவரின் கொள்கை. வைத்ததை அவர் அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது. 'கைகலப்பு' வந்தபோது இரண்டு உறுப்பினர்கள் மேசை மேல் ஏறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். தலைவர் "ம்" என்றார். சம்மதம் சொல்ல அவர் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அந்த "ம்"தான் தீர்மானம்.

துணையாசிரியருக்கு மிச்சமிருந்தது ஒரே சொல்: கோளுரு. ஏறக்குறைய உருண்டை, ஆனால் முழு உருண்டை அல்ல. அது முடிந்தால் தொகுதி முடியும். தொகுதி முடிந்தால்தான் விடுப்பு. வெளியூரில் அவர் மனைவி நிறைமாதம்.

"எப்பங்க வருவீங்க?" என்றாள் போனில்.

"ஒரு சொல்லுதாம்மா பாக்கி."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அப்படி என்ன சொல்லு?"

"கோளுரு. உருண்டையா இருக்கும், ஆனா சரியான உருண்டை இல்ல."

"என் வயித்தக் கொண்டாந்து மேசை மேல வைக்கட்டுமா?"

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டார். அவளுக்கு அது கேட்டுவிட்டது.

"போனை வைங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். துணையாசிரியர் ஓர் ஆரஞ்சை வைத்தார். தலைவர் அதை எடுத்து உரித்து, பேசிக்கொண்டே தின்று முடித்தார்.

"இதுல உருண்டை எங்கய்யா இருக்கு? எல்லாம் சுளை."

"பூமியே கோளுருதாங்க" என்றார் குழுவிலிருந்த கணக்குப் பேராசிரியர். "துருவத்துல லேசாத் தட்டை."

அலமாரியிலிருந்து பூகோள உருண்டையை இறக்கினார்கள். பேராசிரியர் நாடா வைத்து அளந்தார். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. முகம் தொங்கிப்போனது.

"பொம்மை தப்புங்க. பூமி சரி."

"அப்ப அசலைக் கொண்டாங்க" என்றார் தலைவர்.

துணையாசிரியர் நிமிர்ந்தார். ஜன்னல் வெளிச்சம் தலைவரின் தலை மேல் விழுந்திருந்தது. முடி இல்லை. பக்கவாட்டில் புடைத்து, உச்சியில் லேசாக அமுங்கிய தலை. மற்றவர்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா மொறைக்கிறீரு?"

"ஐயா, உங்க தலைங்க."

"என் தலைக்கு என்ன?"

"கோளுருங்க."

இலக்கணக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். தலைவர் தலையைத் தடவினார்.

"அச்சுல வருமா?"

"அகராதி இருக்கற வரைக்கும் நிக்குங்க."

"அளந்து பாரும்."

வழக்கம் வழக்கம்தான். தலைவர் கன்னத்தை மேசையில் பதித்துத் தலையைச் சாய்த்தார். பேராசிரியர் நாடாவைச் சுற்றினார்.

"அடடா! இப்படி ஒரு கோளுருவ நான் பார்த்ததே இல்லீங்க."

தலைவர் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். பேராசிரியர் மூன்றாம் தடவையும் அளந்தார். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.

துணையாசிரியரின் பையில் போன் அதிர்ந்தது. மாமியார்.

"மாப்ளே, வலி எடுத்துருச்சு. கெளம்பி வாங்க."

அவர் துள்ளி எழுந்தார். "யாராவது எழுப்புங்களேன்."

"மேசை மேல வச்ச பொருள்" என்றார் இலக்கணக்காரர். "அனுமதியில்லாமத் தொடக் கூடாது."

"யார் குடுக்கணும் அனுமதி?"

"அவருதான்."

எல்லோரும் பொருளைப் பார்த்தார்கள். பொருள் குறட்டை விட்டது.

துணையாசிரியர் அதன் காதருகே குனிந்தார், தொடாமல்.

"ஐயா, கோளுரு முடிஞ்சுதுங்களா?"

"ம்."

"நான் ஊருக்குக் கெளம்பலாங்களா?"

குறட்டை நின்றது. தலைவர் உதட்டை ஒருமுறை சப்புக்கொட்டினார்.

"ம்."

"தீர்மானம்" என்றார் இலக்கணக்காரர்.

துணையாசிரியர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். உறுப்பினர்கள் தலையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இலக்கணக்காரர் முதல் ஆளாகக் குனிந்திருந்தார்.

"ஐயா, அந்த ஜன்னலோர ரூம் எனக்குத்தானுங்களே?"