வீட்டார் நிரப்பும் படிவம்

ஆறு வருஷமாகத் தன் வீட்டில் கேட்காத சிரிப்பை அவள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சாத்திய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். சிரித்தது அவள் புருஷன். உள்ளே அவரோடு இருந்தது ஆராய்ச்சி நர்ஸ்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, இந்தச் சிரிப்பு ஏன் வீட்டில் வரவில்லை என்று சுருக்கென்றது. கதவு திறந்ததும் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அந்தப் பெண்ணைத்தான் பார்த்தாள். தட்டையான செருப்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா, பூச்சு இல்லாத முகம். பெரிய அழகியாக இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் தந்தி. எந்தச் சேதியும் அவள் வாயில் ஒரு நிமிஷம் தங்காது. எதிராளி ஆரம்பித்த வாக்கியத்தை அவள் முடிப்பாள். அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்ட உட்கார்ந்தவர், ஒரு காலில் ஷூவோடு மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். மனச்சோர்வு நோய் என்றார்கள். நாலு மருந்து மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று ஆளை மரக்கட்டையாகத் தூங்கவைத்தது, ஒன்று பசியைக் கொன்றது, மற்ற இரண்டும் நல்லதும் செய்யவில்லை கெட்டதும் செய்யவில்லை.

அந்த ஆறு வருஷமும் அவரைத் தாங்கியது அவள்தான். மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள், குளிக்கத் தள்ளினாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் மாதிரியெல்லாம் நடித்துக் காட்டினாள். அவர் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது விசாரிக்க வந்தால் அவருக்குப் பதிலாகவும் அவளே பேசுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய மாத்திரையோடு புது மருந்து, மீதிப் பேருக்குப் பழைய மாத்திரையோடு வெறும் மாவு அடைத்த கேப்ஸ்யூல் குப்பி. பார்வைக்கு இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. ஆறு மாசம். வாராவாரம் செவ்வாய்க்கிழமை நர்ஸ் அரை மணி நேரம் கேள்வி கேட்பார். வீட்டில் கூட இருப்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தூக்கம், சாப்பாடு, பேச்சு, சிரிப்பு என்று பத்துக் கேள்வி. நன்றாக இருந்தால் பூஜ்யம், மோசமாக இருந்தால் நாலு.

சிரிப்புச் சத்தம் கேட்டது நாலாவது செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"உள்ள என்ன அவ்வளவு சிரிப்பு?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது சிரிப்பாங்களா? அந்தம்மா ஏதாவது சொல்லியிருப்பாங்க. நீங்களும் இளிச்சிருப்பீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு எல்லாமே கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் சொல்லாமலே சவரம் செய்துகொண்டார். "காலையில நடக்கறீங்களான்னு சிஸ்டர் கேட்டாங்க" என்று தெருக்கோடி வரை நடந்தார். ஆறு வருஷமாக அவள் கரடியாய்க் கத்தியது இதைத்தானே! உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சியவள் ஒருத்தி, அரிவாளோடு வந்து அறுக்கிறவள் இன்னொருத்தியா என்று வயிறு எரிந்தது.

அந்த வாரப் படிவத்தில் 'சிரித்தாரா?' என்ற கேள்விக்கு நாலு போட்டாள். அது பொய் இல்லை, வீட்டில் அவர் சிரிக்கவே இல்லை. 'பேசினாரா?' என்பதற்கு மூணு. அவளோடு அதிகம் பேசவில்லையே, அதுவும் சரிதான். 'தூங்கினாரா?' அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். பேனா ஒரு நொடி நின்றது. மூணு போட்டாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்ட வாரத்திலும் மூணு, லிஃப்ட் கம்பெனிக்குத் தானாகவே போன் செய்து அரை நாள் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரத்திலும் மூணு. அந்தப் பெண்ணின் மருந்தும் கேள்வியும் ஒன்றும் கிழிக்கவில்லை என்று அவள் கைப்பட எழுதுவதில் ஒரு நிம்மதி இருந்தது.

எட்டாவது வாரம் டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"இவர் நல்லா இருக்கேன்னு சொல்றார். சிஸ்டர் போட்ட மார்க்கும் அப்படித்தான் சொல்லுது. ஆனா வீட்டுப் படிவம் வேற மாதிரி இருக்கே. இந்த நோய் இருக்கிறவங்க எங்களுக்காகவே நல்லா இருக்குன்னு சொல்லிடுவாங்க. கூட இருந்து பார்க்கிற கண்ணைத்தான் நாங்க பெருசா எடுத்துக்கறோம். என்னம்மா, நீங்க எழுதினது சரிதானே?"

அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டருக்குப் பக்கத்தில் நர்ஸ், கழுத்துப் பேனாவைக் கையில் பிடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிதான் டாக்டர்."

புருஷன் திரும்பி அவளைப் பார்த்தார்.  டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார்; அன்றிலிருந்து ஒரு குப்பி இரண்டாயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், வேலைக்குப் போன மனிதர் கருவிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று அவளுக்குக் கடை விடுமுறை. அவர் உட்காரவில்லை, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். இரண்டு கையும் காற்றில் மாட்டிய தாள்போல நடுங்கின.

"என்னங்க ஆச்சு?"

"ஸ்க்ரூ கையில நிக்கல. நாலு மாடி கீழ விழுந்துச்சு. கீழ ஆள் இல்ல, பிழைச்சோம். மேனேஜர் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டார்."

"கொஞ்சம் உக்காருங்களேன்."

"உக்கார முடியல. உடம்புக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்கு." கூடத்தின் நடுவில் நின்றார். "நீ எழுதினதுதான் சரி. நான் என்னமோ எனக்கு நல்லாயிட்டு வருதுன்னு நினைச்சேன். நல்லாத் தூங்கறேன், பசிக்குதுன்னு நினைச்சேன். கூடவே இருக்கிற உனக்குத் தெரியாதா? எல்லாம் என் மனசு பண்ணின பித்தலாட்டம். நாளைக்குப் போய் இந்த ஆராய்ச்சி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்."

 தன் தூக்கத்தையும் பசியையும் நம்பாமல் அந்த மனிதர் அவள் போட்ட மூணையும் நாலையும் நம்பியிருக்கிறார்!

அடுத்த தெருவில் இருந்த நாத்தனாரை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு அப்போதே மருத்துவமனைக்கு ஓடினாள். நர்ஸ் தன் அறையில் தாள்களைத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நான் எழுதினது எல்லாம் பொய்."

நர்ஸ் ஏன் என்று கேட்கவில்லை. நடுக்கம் எப்போது ஆரம்பித்தது, காய்ச்சல் இருக்கிறதா, சாகணும் என்று ஏதாவது பேசினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டருக்குப் போன் செய்து, இரண்டாவது குப்பியை உடனே நிறுத்தவும், அன்றே அவரை அழைத்து வந்து காட்டவும் ஏற்பாடு செய்தாள். போனை வைத்த பிறகுதான் கேட்டாள்.

"எதுக்குக்கா இப்படிச் செஞ்சீங்க?"

"அவர் உங்ககிட்ட சிரிச்சார்."

சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று அவளுக்கே கூசியது. நர்ஸ் மேஜையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

"நான் கேக்கிறது எல்லாம் இதுல அச்சடிச்சிருக்கு. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும். மூணு நிமிஷம் ஆனாலும் சரி."

"அப்போ எதுக்குச் சிரிச்சார்?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவரையே கேளுங்க." பிறகு குரல் கொஞ்சம் இறுகியது. "இதை நான் எழுதியாகணும். இதே மருந்து பலன் தருமா தராதான்னு இன்னும் இருநூறு பேர் காத்துட்டிருக்காங்க. உங்க நாலும் மூணும் அவங்க தலையிலயும் விழும்."

அந்த நேரத்திலும், இவள் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறாள், இந்த நிதானம்தான் அவருக்குப் பிடித்ததோ என்று ஒரு பொறி கிளம்பத்தான் செய்தது. பொறாமை அவ்வளவு லேசில் சாகிற ஜென்மமா!

அன்று டாக்டரிடம் காட்டிவிட்டு வீடு திரும்பியதும் புருஷனிடம் அவளே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எனக்கு நானே பைத்தியம்னு நம்பிட்டேன்டி! ரெண்டு வாரமா! அந்தம்மா கேட்டா, நான் சொல்ற வரைக்கும் காத்திருப்பாங்க. நீ? கேக்கிறதும் நீ, பதில் சொல்றதும் நீ. நடுவுல நான் எங்க வாயைத் திறக்க?"

அவளிடம் பதில் இருந்தது. ஒன்றுக்கு நாலு பதில் இருந்தது. முதல் தடவையாக ஒன்றையும் எடுக்கவில்லை.

ஐந்து நாள் அவர் பேசவில்லை. ஆனால் இது பழைய மௌனம் இல்லை. தட்டை ணங்கென்று வைக்கிற, கதவை அறைந்து சாத்துகிற மௌனம். நடுக்கம் மெல்லக் குறைந்தது. ஆராய்ச்சிக் குழு கூடி அவரை நீக்க வேண்டாம், அவள் படிவங்களை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. மீதி வாரங்களுக்குப் படிவம் நிரப்பும் பொறுப்பு நாத்தனாருக்குப் போனது.

அது பெரிய தண்டனை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாத்தனார் பேனாவோடு வந்து உட்காருவாள்.

"அண்ணி, இந்த வாரம் அண்ணன் சிரிச்சாரா?"

"உங்க அண்ணனைக் கேளுங்க."

"படிவத்துல வீட்டார் கருத்துன்னுதான் போட்டிருக்கு. நான் வீட்டார்தானே?"

நாத்தனாருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு பொறாமைக்கு இரண்டாயிற்று.

ஒருநாள் காலையில், அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அன்னிக்கு உள்ள எதுக்குச் சிரிச்சீங்க?"

கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் சட்டையின் ஒரு கையை இஸ்திரி போட்டார், காலரைப் போட்டார். அவளுக்கு நாக்கு அரித்தது. கடைசியில் சொன்னார்.

"யாரோ உங்களை எப்பவும் கண்காணிக்கிற மாதிரி தோணுதான்னு ஒரு கேள்வி. யாரோ இல்ல சிஸ்டர், என் பொண்டாட்டி, கதவுக்கு வெளியவே உக்காந்திருக்கா, வேணும்னா திறந்து பாருங்கன்னேன். நானே சிரிச்சுட்டேன். அந்தம்மா சிரிக்கல. சிரிக்கக் கூடாதாம்."

அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. நான் பக்கத்திலேயே இருக்கும்போது என்னைப் பற்றிய கேலியைக்கூட அவளிடம்தான் சொல்ல வேண்டுமா என்று ஒரு சின்ன எரிச்சலும் வந்தது.

ஆறு மாசம் முடிந்தது. பழைய ஆள் முழுசாக வந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. முக்கால் பங்கு வந்தார். முழு நாள் வேலைக்குப் போனார். ஆராய்ச்சி எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கடிதம் வரும் என்றார்கள். அந்தக் கடிதத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. அவள்தான் காத்திருந்தாள். மருந்தாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மருந்தோடு அவளால் சமாதானமாகப் போக முடியும். வெறும் மாவு என்று வந்துவிட்டால்? அப்போது அவரைத் தேற்றியது அந்த அறையும் அந்தப் பெண்ணும் என்றல்லவா ஆகும்!

ஒரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. அவளே பிரித்தாள். புது மருந்து. இரண்டு தடவை படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"பார்த்தீங்களா? மருந்துதான். அந்தம்மா இல்ல."

அவர் நிதானமாகப் படித்து முடித்தார். "ரெண்டும்தான்னு வச்சுக்கயேன்" என்றார்.

அவள் முகம் சுண்டியது. வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, அவர் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.