ரோஜா வெளுத்த குளம்

அவிநாசி ரோட்டில் அந்த ஒன்பது மாடிக் குடியிருப்பு எழும்பி லிஃப்ட், ஜெனரேட்டர், இன்டர்காம் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. மிச்சம் நீச்சல் குளம் ஒன்றுதான். 1996 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கும் திறப்பு விழா வைத்தார் கட்டிட முதலாளி தண்டாயுதபாணி.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அமானுல்லாவுக்கு. நான்கு வருடம் துணி வெளுக்கும் சலவைப்பட்டறையில் நின்று மூச்சிரைப்பை வாங்கிக்கொண்டு வந்தவன். இந்த வேலையும் போனால் மறுபடி அந்தப் பட்டறைதான்.

முந்தின நாள் லாரியில் வந்த கிணற்றுத் தண்ணீர் பச்சையாக இருந்தது.

"காலையில கண்ணாடியாட்டம் இருக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் போனார் தண்டாயுதபாணி.

தண்ணீரையும் ப்ளீச்சிங் திரவத்தையும் சேர்க்க அமானுல்லாவுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: பட்டறைத் தொட்டியின் கணக்கு. அதைக் குளத்தின் அளவுக்குப் பெருக்கினான். சந்தேகப்பட்டு மறுபடியும் பெருக்கினான், அதே விடை. விடிந்ததும் கேன் கேனாக ஊற்றினான். எட்டு மணிக்கு அடியில் பதித்த ஓடுகள் பளிச்சென்று தெரிந்தன.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ப்ளீச்சிங் வாடை அவர்கள் சட்டையிலேயே தினமும் இருப்பதுதான்.

"நீங்களும் எறங்குவீங்களாங்க?" என்று நான்காம் மாடியை வாங்கியிருந்த வெள்ளியங்கிரியைக் கேட்டார் தண்டாயுதபாணி.

"நான் எறங்குனா தண்ணி பூராவும் ரோட்டுக்கு வந்துருமுங்க. எம்பேத்தி எறங்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளியங்கிரியின் மனைவி வள்ளியாத்தாள் ஒரு கூடை ரோஜா இதழைத் தண்ணீரில் தூவினாள். தண்டாயுதபாணி பேச ஆரம்பித்தார்.

அமானுல்லா இதழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரம் வெளிறுவதுபோல் இருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தான். சிவப்பு இளஞ்சிவப்பானது. கைதட்டல் எழுந்தபோது குளம் முழுக்க வெள்ளை இதழ்கள் மிதந்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அது துணிக்கான கணக்கு. அந்தத் தொட்டியில் மனிதர் யாரும் இறங்குவதில்லை. கையை விட்டவர்களுக்கு விரலிடுக்கில் தோல் உரிந்ததை அவனே பார்த்திருக்கிறான்.

வெள்ளியங்கிரியின் பேத்தி ஏணியின் முதல் படியில் காலை வைக்கப் போனாள். அமானுல்லா ஓடிப்போய் அவளை அப்படியே தூக்கினான்.

"டேய், புள்ளைய உடுடா!" வெள்ளியங்கிரி பாய்ந்து வந்தார்.

"யாரும் எறங்காதீங்க! பட்டறைக் கணக்குல ப்ளீச்சிங் ஊத்திப்போட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க."

வெள்ளியங்கிரி தண்ணீரைப் பார்த்தார். குனிந்து ஓர் இதழை எடுத்தார். பழைய காகிதம்போல் இருந்தது. துணி வெளுத்தே சம்பாதித்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பேத்தியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போலாம் கண்ணு."

தண்டாயுதபாணி அமானுல்லாவிடம் வந்தார். "சாவியக் குடுத்துட்டுப் போயிரு," என்றார்.

"பூட்டிப்போட்டுக் குடுக்கறனுங்க."

கடைசி ஆள் வெளியே வரும்வரை அமானுல்லா குளத்துக் கதவருகே நின்றான். பூட்டினான். சந்தேகம் தீராமல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு சாவியை நீட்டினான்.