ரோட்டிலிருந்து தெரியும் வயல்

மூத்தவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டு முடித்த பிறகு இதை அறிவித்தார்.

"பஸ்ஸுல போறவன் எல்லாம் பாக்குறான். யார் வயலுங்க அது, மருந்தே அடிக்கல போலருக்கேங்கறான். நான் என்னன்னு பதில் சொல்றது?"

இளையவள் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். அவள் மூத்தவருடைய தம்பியின் மனைவி, பக்கத்து வீட்டில் தனிக் குடித்தனம். பஸ்ஸில் போகிறவன் இறங்கி வந்து மூத்தவரிடம் வயலைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் பஸ் அங்கே நின்றாக வேண்டும். அந்த இடத்தில் பஸ் நிற்பதே இல்லை. ஆனால் சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் இந்த மாதிரி விவரங்களைப் பேசுவது அந்த வீட்டுப் பழக்கமில்லை.

"ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சி சார் மருந்து வேணாம்னு சொல்லியிருக்காரு மாமா," என்றாள் கடைசியில். "தூருக்குத் தூர் சிலந்தி இருக்கு. அதுங்களே பாத்துக்கும்னாரு."

"சிலந்தி பாத்துக்குமா." மூத்தவர் கைகழுவ எழுந்தார். "ஆம்பளன்னு நான் ஒருத்தன் வீட்டுல இருக்கேன். வயல சிலந்தி பாத்துக்குது. ரொம்ப நல்லாருக்கு."

"சிலந்தியாவது விடிஞ்சதும் வேலைக்குப் போவுது," என்று மூத்தவள் தட்டை எடுத்துக்கொண்டே முணுமுணுத்தாள். அவள் மூத்தவரின் மனைவி. கணவருக்குக் கேட்காத அளவில் பேசுவதில் நல்ல தேர்ச்சி பெற்றவள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கல்யாணமானபோதே நிலத்தை வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் தம்பிக்கு, அதற்குப் பின்னால் பள்ளத்தில் இருப்பது அண்ணனுக்கு. தம்பி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கணவன் போன பெண் நாற்றுப் பிடுங்கலாம், நடலாம், களை எடுக்கலாம், அறுக்கலாம், கட்டுத் தூக்கலாம், நெல்லைக் காயப் போடலாம், அள்ளலாம். விவசாயம் மட்டும் செய்யக்கூடாது. விவசாயம் என்றால் இடுப்பில் கைவைத்து வரப்பில் நிற்பது. அதற்கு ஓர் ஆண் வேண்டும்.

ஆனாலும் மூத்தவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "ஒரு போகம் பாரு," என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். "சரியா வரலன்னா நானே சேத்துப் பாத்துக்கறேன். உனக்கும் உன் பொண்ணுக்கும் வேண்டிய நெல்லு வீடு தேடி வரும்." நாலு பேரும் இந்தக் காலத்தில் யாருக்கு இப்படி மனசு வரும் என்றார்கள்.

வீடு தேடி வரும் நெல்லைப் பற்றி இளையவளுக்குத் தெரியும். அவளுடைய சித்திக்கு அப்படித்தான் வந்தது. பிறகு சித்தி போய்க் கேட்டால் வந்தது. பிறகு கேட்டால் முகம் சுளித்துக்கொண்டு வந்தது. இப்போது சித்தி தன் கொழுந்தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். சாப்பாடு அங்கேயே கிடைத்துவிடுவதால் நெல் எதற்கு என்று யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. இந்த ஒரு போகம் தவறினால் தனக்கும் அதே பாத்திரம் என்று இளையவளுக்குத் தெரியும்.

ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் சமயத்தில்தான் சோதனை வயல் கேட்டு வந்தார்கள். மண்ணை எடுத்துப் பரிசோதித்து, தேவையான உரம் மட்டும் போட்டு, பூச்சியை எண்ணிப் பார்த்து, அவசியமிருந்தால் மட்டும் மருந்தடித்து ஒரு போகம் விளைவித்துக் காட்ட வேண்டும். மூத்தவர் பெருந்தன்மையாகத் தம்பி வயலைக் காட்டினார். அடுத்தவர் நிலத்தில் நடக்கும் ஆராய்ச்சியை யார்தான் வேண்டாம் என்பார்கள்? நிலையத்துப் பெரிய சார், "விவசாயி மட்டும் நில்லுங்க, ஒரு போட்டோ," என்றார். இளையவள் நகர்ந்துகொண்டாள். மூத்தவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

அதற்கப்புறம் வாராவாரம் வந்தவர் பூச்சி சார் ஒருவர்தான். ஒப்பந்த ஊழியர். ஊர் ஊராய்ப் போய் "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று சொல்வது அவருடைய உத்தியோகம். அதே ஊர்களில் மருந்துக்கடைக்காரர் "அடிங்க, அடிங்க" என்கிறார். அவருக்குக் கமிஷன் உண்டு. பூச்சி சாருக்குப் பெட்ரோல் படியே ஒழுங்காக வருவதில்லை. தான் பேசுவதைத் தானே காது கொடுத்துக் கேட்காத நிலைக்கு அவர் வந்திருந்தார். இளையவள் மட்டும் காது கொடுத்துக் கேட்டது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"தூரை விலக்கி, தண்ணி ஓரத்துல பாருங்கம்மா. பழுப்பா, அரிசிக் குருணை மாதிரி இருக்கே, அதான் புகையான். சாறு உறிஞ்சுற பூச்சி. பக்கத்துல ஓடுது பாருங்க, அது சிலந்தி. புகையான் அதுக்குச் சாப்பாடு. சிலந்தி இருக்கற வரைக்கும் நீங்க பயப்பட வேணாம்."

"மருந்தடிச்சா ரெண்டுமே செத்துடுமா சார்?"

"சிலந்தி சுத்தமா செத்துடும். புகையான் முட்டை தண்டுக்குள்ள பத்திரமா இருக்கும். பொரிச்சு வெளிய வந்து பாத்தா, கேக்க ஆளில்ல. அப்புறம் அதுங்க ராஜ்ஜியம்."

மண் பரிசோதனைப்படி யூரியாவும் பாதிதான் போட்டாள். சுற்றியிருந்த வயல்களெல்லாம் கறுத்துச் செழித்து நிற்க, அவளுடையது மட்டும் இளம்பச்சையாக நின்றது. பக்கத்து வயலுக்காரரான மீசை தினமும் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி அதை விசாரித்துவிட்டுப் போவார்.

"ஏம்மா, உன் வயலுக்குச் சோகையா?"

"மெலிஞ்சாலும் நோயில்லாம இருக்குண்ணே."

"அது சரி. கவனிக்க ஆளில்லாத புள்ள அப்படித்தான் இருக்கும்." சொல்லிவிட்டு மீசையை ஒருதரம் தடவிக்கொண்டு மிதித்தார். இதே வாக்கியத்தை மூத்தவரிடமும் சொன்னார். மூத்தவருக்குச் சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

இளையவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் போனாள். அந்த வாரத்தில் மூத்தவர் தன் கடமையைச் செய்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டோர வயல் முழுக்க மருந்தடித்தார். பஸ்கள் போயின. மீசை சைக்கிளை நிறுத்தி, "இப்பதான் வயல் மாதிரி இருக்கு," என்றார். காற்று தூக்கிக்கொண்டு போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் மறுநாளும் அடித்தார். தம்பி வயலாயிற்றே, குறை வைக்கலாமா? அதற்கடுத்த நாள் தன்னுடைய வயலுக்கு அடிக்க எழுந்தார், முதுகு பிடித்துக்கொண்டது. படுத்துவிட்டார். பின்வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு மேடு. அங்கே அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கேட்க ஆளில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். பிறகு மறந்தும்விட்டார்.

இளையவள் திரும்பி வந்து தூரை விலக்கிப் பார்த்தபோது சிலந்திகளைக் காணோம். நடுவில் மழை பெய்திருந்தது. மழையில் போயிருக்கும் என்று நினைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் குருணை குருணையாகப் புகையான் மட்டும் தெரிந்தது. பூச்சி சாருக்குப் போன் செய்தாள். அவரை ஏதோ கண்காட்சியில் கூடாரம் போட அனுப்பியிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது, கதிர் பால் பிடித்திருந்த வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்து கிடந்தது. சுடச்சுட ஒரு தாம்பாளத்தை ஆங்காங்கே வைத்து எடுத்த மாதிரி. சில நாட்களில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

முன்னறையில் நாற்காலிகள் போடப்பட்டன. மூத்தவர், மீசை, பூச்சி சார் மூவரும் உட்கார்ந்தார்கள். மூத்தவள் டீ கொடுத்தாள். இளையவள் சுவரோரம் நின்றாள்.

மூத்தவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போனது போகட்டும்," என்றார் மெதுவாக. "பொம்பள தனியா எவ்வளவுதான் பாப்பா? அடுத்த போகத்துலேர்ந்து நான் சேத்துப் பாத்துக்கறேன். நீ வீட்டுல நிம்மதியா இரும்மா."

"நியாயமான பேச்சு," என்றார் மீசை. பூச்சி சார் பக்கம் திரும்பினார். "இவரு சொன்னாருன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. பாவம், சிலந்திய நம்புச்சு."

பூச்சி சார் டீயைக் கீழே வைத்தார். "வயல்ல ஒரு சிலந்திகூட இல்ல. மழைக்கு அப்படிப் போகாது. யாராவது மருந்தடிச்சீங்களா?"

"நான்தான் அடிச்சேன்," என்றார் மூத்தவர். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். "அது ஊர்ல இல்லாதப்ப ரெண்டு தடவை. என்னால முடிஞ்சது. சும்மா விட்டுற முடியுமா?"

இளையவள் மூத்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனாலதாங்க போச்சு," என்றார் பூச்சி சார். சிலந்தி, முட்டை, தண்டு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள்.

"பாத்தியா," என்றார் மீசை, முழுக்கக் கேட்டு முடித்ததும். "ரெண்டு தடவை அடிச்சும் அடங்கல. அவ்வளவு பூச்சி. இவரு அடிக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

பூச்சி சார் கண்களை மூடித் திறந்தார். "உங்க பின்வயல்ல என்ன மருந்து அடிச்சீங்க? மேட்டுமேல ஏறிப் பாத்தேன். கதிர் மணி கனத்துச் சாஞ்சு நிக்குது."

"அங்க எங்க அடிச்சாரு?" உள்ளேயிருந்து மூத்தவளின் குரல் வந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற அளவில். "இந்த வயலுக்கு அடிச்சுட்டு முதுகப் புடிச்சுக்கிட்டுப் படுத்தவருதான். நாந்தான தைலம் தேச்சேன்."

அடித்த வயல் கருகியிருக்கிறது, அடிக்காத வயல் விளைந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மேடு. ஆராய்ச்சி நிலையம் எவ்வளவு முயன்றாலும் இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனையை நடத்தியிருக்காது. மீசைதான் முதலில் தெளிந்தார்.

"அதான். அவரு கை ராசி. சும்மா விட்டாலே விளையுது."

மூத்தவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பூச்சி சார் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். இவ்வளவு வருஷங்களில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் இளையவள்.

"கேளும்மா."

"ரோட்டோர வயல நீங்க எடுத்துக்குங்க. எனக்குப் பின்வயலக் குடுங்க. ஒரு போகத்துக்கு இல்ல. பங்கையே மாத்திக்கலாம்."

மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். ரோட்டோர நிலத்துக்கும் பள்ளத்து நிலத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் நாளைக்கு ஒரு கடை கட்டலாம். பள்ளத்தில் நெல்லைத் தவிர எதுவும் வராது.

பூச்சி சார் தாழ்ந்த குரலில், "அம்மா, அவசரப்படாதீங்க. அந்த எடத்தோட மதிப்பு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். யோசிச்சுத்தான் கேக்குறேன்."

மூத்தவர் பெருமூச்சு விட்டார். பெரிய தியாகத்துக்கு முன்னால் விடுகிற பெருமூச்சு. "உனக்கு அதுல திருப்தின்னா எனக்கு என்னம்மா. விளைஞ்ச வயலக் கேக்குற. எடுத்துக்க."

"இப்படி விட்டுக்குடுக்கறவர எங்க பாத்திருக்கோம்?" என்றார் மீசை.

"மீசையண்ணன் சாட்சி. சாரும் சாட்சி," என்றாள் இளையவள். "அப்புறம், அந்த வயலுக்குள்ள நீங்க எறங்க வேணாம் மாமா. எது நடந்தாலும். உங்க முதுகு பாவம்."

மூத்தவர் அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டார்.

பூச்சி சார் அலுவலகத்துக்குப் போய்ச் சோதனை வயல் தோற்ற விஷயத்தைச் சொன்னார். காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். 'வயல் ரோட்டிலிருந்து நன்றாகத் தெரியும்படி இருந்தது' என்று எழுதினார். பெரிய சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது? அறிவியல்பூர்வமா எழுது."

பூச்சி சார் அந்த வரியை அடித்துவிட்டு 'பருவநிலை மாற்றம்' என்று எழுதினார். பெரிய சார் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த போகம் நட்டாயிற்று. இளையவள் பின்வயலில் முட்டளவு சேற்றில் குனிந்து தூரை விலக்கிக்கொண்டிருந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருந்தடிக்கிற இயந்திரத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மூத்தவர் புதிதாக வாங்கியிருந்தார். முதுகில் மாட்டினால் பாரம் தெரியாதாம்.

மூத்தவள் மேட்டில் ஏறி இறங்கி வந்தாள். வரப்பில் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, தங்கமாட்டம் எடம். அத விட்டுட்டு இந்தக் குழிக்குள்ள வந்து கெடக்குறியே. எனக்கு மனசே ஆறல."

"இருக்கட்டும்க்கா."

"என்ன இருக்கட்டும்? உம் பொண்ணு நாளைக்கு உன்னக் கேக்க மாட்டாளா?"

"கேட்டா சொல்லிக்கலாம்," என்றாள் இளையவள், நிமிராமல். "அக்கா, இதப் பாருங்க. வந்துடுச்சு."

தண்ணீர் ஓரத்தில், தண்டோடு தண்டாக, கால்களை நீட்டி ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. மூத்தவள் குனிந்து பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து மேட்டைப் பார்த்தாள்.

"ரோட்டுலேர்ந்து இங்க தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

மூத்தவள் புடவையை முட்டிக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.