வியாழக்கிழமைப் பாலம்

கில்தோர்ப் ஊரின் பாலம் நாடாளுமன்றத் தேர்தல் நடக்கும் வியாழக்கிழமைகளில் மட்டும் இருந்தது. காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறந்ததும் படகுத்துறைக் கல்லிலிருந்து முதல் பலகை நீளும். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திப் பெட்டிக்கு முத்திரை வைத்ததும் மொத்தப் பாலமும் மூடுபனியில் கரைந்துவிடும். ஒரு ஓட்டுக்கு ஒரு பலகை. போர் முடிந்த பிறகு வந்த ஒரு தேர்தலில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று கட்சி வேட்பாளர்களும் ஒரே மேடையில் நின்று லென் கழிமுகத்துக்குக் குறுக்கே பாலம் கட்டித் தருவதாகச் சத்தியம் செய்தார்கள். ஜெயித்தவர் லண்டனுக்குப் போனார். வாக்குறுதி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது, தங்கின இடத்தில் தன்னால் முடிந்ததைச் செய்தது. லண்டனிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, மரம் நல்ல மரம் என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த நாட்களைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் விட மாட்டார்கள். கயிற்று ஆலையில் சங்கு ஊதியதும் ஆட்கள் கைகூடக் கழுவாமல் மெதடிஸ்ட் சபைக் கூடத்துக்குப் போய், நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு நேரே படகுத்துறைக்கு வருவார்கள். சாயங்காலத்துக்குள் பாலம் அக்கரையில் கோட்பியைத் தொட்டிருக்கும். வினிகர் சொட்டச் சொட்டப் பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஊரே அதன்மேல் நடக்கும். தோற்கப்போகிற வேட்பாளரும் தொப்பியைக் கழற்றியபடி கூடவே நடப்பார், அவருக்கும் யாராவது ஒரு துண்டு மீன் கொடுப்பார்கள். கோட்பியில் பித்தளை வாத்தியம், ஆட்டம், பாட்டு. பத்து மணிக்குள் திரும்பாமல் போனவர்களில் சிலர் அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார்கள். நடுப்பாலத்தில் மாட்டியவர் ஒருவரும் முங்கிப்போனதில்லை. கிட்டத்தில் எந்தக் கரையோ அங்கே காலணி நனைந்து நிற்பார்கள், அவ்வளவுதான். உள்ளாட்சித் தேர்தலுக்கு இத்தனை சீர் கிடையாது. மே மாதத்தில் எத்தனை பேர் போட்டாலும் இரண்டே பலகை முளைக்கும். அதில் நாயைக் கட்டிவிட்டு ஓட்டுப் போடப் போவார்கள்.

அந்தக் கூடத்து வாசலில் இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடக்கும். ஒன்றில் சிவப்புத் துணிப்பூ குத்திய வில்ஃப் கார்ஸ்டாங், படகுப் பட்டறைத் தச்சர். மற்றதில் நீலப் பூ குத்திய முரியல் ஹாஸ்லம், கம்பளி நூல் கடைக்காரி. ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது இருவருக்கும் வேலை. யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துக் கட்சிக்காரர்கள் போய் அழைத்து வருவதற்காக அந்த ஏற்பாடு. முதல் வருஷம் மழை பெய்தது, முரியலிடம் குடை இருந்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து முரியல் இஞ்சி பிஸ்கட் டப்பாவும் வில்ஃப் தேநீர் பிளாஸ்க்கும் கொண்டுவருவது என்று ஆயிற்று. கட்சி விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். “உங்க ஆளு மூஞ்சியப் பாத்தா வேகாத ரொட்டி மாதிரி இருக்கு, மிஸ்டர் கார்ஸ்டாங்” என்பார் முரியல். “உங்க ஆளு வெந்து கருகிட்டாரே, மிஸ் ஹாஸ்லம், அதுக்கு இது தேவலை” என்பார் வில்ஃப், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி.

தேர்தல் இல்லாத நாளில் இருவரும் சந்தித்ததே இல்லை. ஒரே ஊர், நடந்தால் பத்து நிமிஷம். வில்ஃப் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முரியலும் அப்படியே. ஆனாலும் சிவப்புப் பூக்காரர் நீலப் பூக்காரியின் கடைக்குள் நூல் வாங்க நுழைந்தால் ஊர் என்ன சொல்லும் என்று வில்ஃப் தயங்கினார், அவர் ஏன் வரவில்லை என்று கேட்க முரியலும் தயங்கினார். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் வரும் ஒரு வியாழக்கிழமைக்காக இரண்டு பேரும் வருஷம் முழுக்கக் காத்திருந்தார்கள். இடைத்தேர்தல் வருவதற்காக ஒரு உறுப்பினர் சாக வேண்டும் என்று வில்ஃப் ஒருமுறை மனசார வேண்டிக்கொண்டார், அப்புறம் வெட்கப்பட்டார். அதை அன்பு என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வருகிறது, அது அன்புதான்.

பிறகுதான் ஒரு மந்திரி வந்தார். சிவப்பு ஆட்சி, வில்ஃப் வாசல் வாசலாக ஏறி இறங்கி ஜெயிக்க வைத்த ஆட்சி. நிஜப் பாலம் எப்போது என்று கேட்டதற்கு மந்திரி கோப்பைப் புரட்டிப் பார்த்து, இருமிவிட்டு, கில்தோர்ப்புக்கு ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது, பராமரிப்புச் செலவே இல்லாத பாலம், ஆகவே நிதி ஒதுக்க முகாந்திரமில்லை என்றார். அடுத்து வந்த நீல ஆட்சியின் மந்திரி அதே தாளை அதே இடத்தில் இருமி வாசித்தார். கயிற்று ஆலை மூடியது, நீச்சல் குளம் மூடியது, அக்கரைக்குப் போகும் படகு நின்றது, கடைசியில் பஸ்ஸும் நின்றது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து கை குலுக்கினார், குழந்தையைத் தூக்கினார், போனார். ஊர் சண்டை போடவில்லை, கல்லெறியவில்லை. வியாழக்கிழமை வந்தால் வீட்டிலேயே இருந்துவிட்டது. பாலம் கோட்பிக்கு முன்னாலேயே நின்றது, அடுத்த முறை நடு ஆற்றில், அதற்கடுத்து சேற்றுத்திட்டில். அதன் நுனியில் நாலு பேர் தூண்டில் போட்டார்கள். பிறகு கடல்காகங்கள் உட்கார்ந்தன.

வில்ஃபும் அந்தச் சிவப்பு மந்திரி பேசிய நாளிலிருந்து ஓட்டுப் போடவில்லை. இது யாருக்கும் தெரியாது. வாசலில் உட்காருகிறவர் உள்ளே போயிருக்க மாட்டார் என்று யார்தான் நினைப்பார்கள்? பூவைக் குத்திக்கொண்டு வந்தார், நாள் முழுக்க எண்களைக் குறித்தார், முரியலின் பிஸ்கட்டைத் தின்றார், வீட்டுக்குப் போனார். அவருக்குக் கட்சி விட்டுப்போயிற்று, நாற்காலி விட்டுப்போகவில்லை.

ஒரு குளிர்காலத்தில் முரியல் கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காலின் என்ற தம்பி மகன் அவரைக் கோட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். இக்கரையில் நின்றால் அதன் ஜன்னல் தெரியும், சாலையில் போனால் கழிமுகத்தைச் சுற்றிப் பாதி நாள். வில்ஃப் வாடகைக் கார் வைத்துப் போயிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தேர்தல் இல்லாத நாளில், பூ குத்தாமல், என்ன முகாந்திரத்தில் போய் நிற்பது? அந்த மே மாதம் வில்ஃப் வழக்கம்போல இரண்டு கோப்பை கொண்டுவந்தார். பக்கத்து நாற்காலிக்கு நீலக் கட்சி ஆள் அனுப்பவில்லை. அவர்களிடம் ஆளும் இல்லை. இரண்டாவது கோப்பையை அவர் ஊற்றி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போயிற்று.

அடுத்த கோடையில் பொதுத்தேர்தல் அறிவித்தார்கள். காலின் ஒரு நாள் வில்ஃபின் கதவைத் தட்டினான்.

“அத்தை ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அவங்களுக்கு அங்க பிடிக்கல. பாலம் இந்தத் தடவ கோட்பி வரைக்கும் வந்தா பிஸ்கட் டப்பாவோட கிளம்பி வந்துடுவாங்களாம். வரலேன்னா இனிமே இந்தப் பக்கம் பாக்கிற ஜன்னல்ல உக்காரப் போறதில்லையாம்.”

வில்ஃப் அன்றே கிளம்பினார். கட்சிக்காகத் தட்டிப் பழகிய கதவுகள். திறந்தவர்கள் எல்லாரும் மரியாதையானவர்கள். “வரப் பாக்கறேன் வில்ஃப்”, “முடிஞ்சா எட்டிப் பாக்கறேன்” என்றார்கள். அப்படிச் சொன்னால் வரமாட்டார்கள் என்று அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வேன் ஓட்டும் கீத் ரட்ஜ் மட்டும் உள்ளதைச் சொன்னான்.

“யோவ் வில்ஃப், ஓட்டுப் போட்டு என்னத்தக் கிழிச்சோம்? எல்லாவனும் ஒண்ணுதான்யா. அவன் போனா இவன், இவன் போனா அவன். எனக்கு வந்த நோட்டீஸ்ல ‘அன்புள்ள சூசன்’னு போட்டிருக்கான். என்னைப் பாத்தா சூசன் மாதிரியா இருக்கு?”

வில்ஃப் அடுத்த கதவுக்கு நடந்தார். அவர் நினைத்ததும் அதுதானே.

தேர்தல் நாள் மத்தியானம் பாலம் சேற்றுத்திட்டையும் தாண்டவில்லை. வில்ஃப் நாற்காலியை விட்டு எழுந்து எதிரே பெரில் டாதமின் பொரித்த மீன் கடைக்குப் போனார். வரிசை தெருவரை நின்றது. அந்த ஊர் ஓட்டுக்கு வராமல் இருக்கும், வியாழக்கிழமை மீனுக்கு வராமல் இருக்காது. “வா கண்ணு, வழக்கம்போலத்தானே?” என்றார் பெரில். வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். காது சிவந்துவிட்டது.

“எனக்கு மீன் வேண்டாம் பெரில்” என்றார், வரிசைக்கே கேட்கிற மாதிரி. “யாருக்குப் போடுங்கன்னும் நான் கேக்கல. அவங்கள நம்புங்கன்னும் சொல்லல, எனக்கே நம்பிக்கை இல்ல. மிஸ் ஹாஸ்லம் அக்கரையில இருக்காங்க. எனக்கு அவங்க வேணும்.”

பாலம் முளைத்ததற்கு ஆச்சரியப்படாத ஊர் இதற்கு ஆச்சரியப்பட்டது. ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் நடுவில் மனசில் இருப்பதைச் சொல்வதை கில்தோர்ப் அதுவரை கேட்டதில்லை. பிறகு பெரில் அடுப்பை அணைத்து, ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

“இதச் சொல்ல உனக்கு இத்தன வருஷமாச்சா, மண்டு? நீங்க ரெண்டு பேரும் ஜோடின்னு நாங்க எல்லாரும் எப்பவோ முடிவு பண்ணிட்டோம். ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்களுக்குத்தான் இன்னிக்கு மீனு. போங்க எல்லாரும்!”

வரிசை அப்படியே திரும்பித் தெருவைக் கடந்து சபைக் கூடத்துக்குள் நுழைந்தது. செய்தி ஊருக்குள் பரவியது. குளியலறைச் செருப்போடு வந்தார்கள், நாய்களோடு வந்தார்கள், கீத் தன் வேனில் நாலு தெருக் கிழவர்களை அள்ளிக்கொண்டு வந்தான். வேட்பாளர்களைத் திட்டிக்கொண்டேதான் எல்லாரும் போட்டார்கள். சிலர் சிவப்புக்கு, சிலர் நீலத்துக்கு, ஒருவர் சீட்டில் கெட்ட வார்த்தை எழுதினார், அதற்கும் பலகை முளைத்தது. வெளியே தடதடவென்று பாலம் நீண்டது. கடல்காகங்கள் கோபத்தோடு எழுந்து பறந்தன. வில்ஃபுக்கு எண்களைக் குறித்துக் கை வலித்தது.

இரவு ஒன்பது மணியாகியும் கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது ஊர் முழுவதும் படகுத்துறையில் கூடியது, மறுபடியும் அந்தக் காலம் போல, வினிகர் வாசனையோடு. அக்கரையில் சக்கர நாற்காலியில் நீலப் புள்ளி ஒன்று தெரிந்தது. பின்னால் பிளெஸ்ஸிங் என்ற இல்லத்துப் பணிப்பெண் நின்றாள். ஆனால் நாற்காலி நகரவில்லை. பாலத்தின் நுனிவரை ஓடிப்போன கீத் அங்கிருந்து கத்தினான்.

“ஒரே ஒரு பலக குறையுது! யாருய்யா போடல?”

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். எல்லாரும் போட்டிருந்தார்கள். ஒருவனிடம் ஓட்டைப் பற்றிக் கேட்பது அந்த ஊரில் சம்பளத்தைக் கேட்பதைவிட மோசம், அதனால் யாரும் வில்ஃபைக் கேட்கவில்லை. பெரில் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணு,” என்றார் மெல்ல, “நீயா?”

வில்ஃப் சபைக் கூடத்துப் படியேறி உள்ளே போனார். அடையாள அட்டை கேட்டார்கள், பஸ் பாஸைக் காட்டினார். பஸ் நின்று எத்தனையோ வருஷமாயிற்று, பாஸ் செல்லும். மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சிலைக் கையில் எடுத்தபோது அது முன்பைவிடக் குட்டையாகிவிட்டதாக அவருக்குப் பட்டது. சீட்டில் மூன்று பெயர்கள். ஒருவரையும் அவர் மன்னிக்கவில்லை. மந்திரியின் இருமல் ஞாபகம் வந்தது, ஆலைச் சங்கு ஞாபகம் வந்தது, முதல் வருஷத்துக் குடையும் ஞாபகம் வந்தது. ஒரு பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டார். யாருக்குப் போட்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வெளியே கூட்டம் ஓவென்று கூவியது. சக்கர நாற்காலி பாலத்தில் ஏறிவிட்டது. பிளெஸ்ஸிங் தள்ள, கீத் இழுக்க, முரியல் மடியில் டப்பாவை அணைத்துப் பிடித்தபடி வந்தார். பின்சக்கரம் படகுத்துறைக் கல்லில் ஏறவும் கூடத்தின் கதவு சாத்தவும் சரியாக இருந்தது. பின்னால் பாலம் கரைந்துபோயிற்று, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வில்ஃப் முன்னால் வந்து நின்றார்.

“உங்க நம்பர்?” என்றார் பழக்கதோஷத்தில்.

“எனக்கு இப்ப இந்த ஊர்ல நம்பர் இல்ல, மிஸ்டர் கார்ஸ்டாங்” என்றார் முரியல். “எழுதிக்குங்க, வந்துட்டேன்னு.”

அன்று ஜெயித்தவர் மறுநாள் லண்டனுக்குக் கிளம்பும் முன் கில்தோர்ப்புக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார். ஊர் கை தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பிளெஸ்ஸிங் மறுநாள் சுற்றுச்சாலையில் கோட்பிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள், இல்லத்துக்காரர்கள் முரியலின் அறையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். முரியல் மீன் கடையின் பின்கட்டு அறையில் பெரிலோடு தங்கினார். மறுநாள் காலையிலேயே வில்ஃப் பிளாஸ்க்கோடு அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார், சட்டையில் பூ இல்லாமல். இருவரும் ஒருவரை ஒருவர் வெள்ளிக்கிழமையில் பார்த்தது அதுவே முதல் தடவை. வெள்ளிக்கிழமையில் அவர் கொஞ்சம் குள்ளமாக இருந்தார் என்று முரியல் பிறகு பெரிலிடம் சொன்னார்.

“என்ன பேசறதுன்னு தெரியல, மிஸ் ஹாஸ்லம்” என்றார் வில்ஃப். “தேர்தல்தான் முடிஞ்சுபோச்சே.”

முரியல் டப்பாவைத் திறந்து நீட்டினார். “முரியல்னு கூப்பிட்டுப் பாருங்க.”

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குள் தேநீர் ஆறிவிட்டது, இரண்டு கோப்பையும். அதைச் சுடவைத்துக் குடித்தார்கள்.