டாக்டர் குழாயைத் திறந்தார்

கோவளத்தில் படகு கரையேறும் இடத்துக்கு நேரெதிரே மீன் விற்கிற இடம் கிளியம்மாளுடையது. அந்த இடத்தைத்தான் அவள் புருஷன் துளசிங்கம் தன் தம்பி பெண்டாட்டிக்குத் தாரை வார்க்கப் பார்த்தான். காரணம்? வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் கிளியம்மாள் கூடையைப் போட்டது போட்டபடி சவுக்குத் தோப்புக்கு ஓடுகிறாளாம். ஓடாமல் என்ன செய்வாள்? மூத்திரம் முட்டிவிட்டால் அவளுக்கு அவகாசமே கிடையாது. தோப்பை எட்டுவதற்குள் சேலை நனைந்த நாட்களும் உண்டு.

"டாக்டரு நோயின்னு சொன்னா எடம் உன்னுது. இல்லாங்காட்டி வூட்லயே கெட" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான், பெரிய ஜட்ஜு!

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜகோபால் முதல் தடவை அவளிடம், "எல்லாம் மனசும்மா, வெறும் பயம்" என்று முடித்துவிட்டார். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்க்காமலே எப்படிச் சொல்லலாம் என்று மல்லுக்கு நின்றாள். அப்படி வாதாடி வாங்கியதுதான் இன்றைய சோதனை. மெல்லிய டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் தண்ணீர் ஏற்றுவார்கள். உள்ளே அழுத்தம் கூடினால் மெஷினில் ஓடுகிற காகிதத்தில் ஊசி எகிறும். மெஷின் வந்த புதிது. டாக்டருக்கு அதன்மேல் அத்தனை பெருமை. நர்ஸ் தபீதாள் பக்கத்தில் நின்றாள். துளசிங்கம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"சார், வர்ற மாதிரி கீது."

"அதுக்குள்ளயா? கால் டம்ளர் கூட ஏறலை. ஊசி அசையவே இல்ல பாரு. சும்மா படும்மா."

சும்மாவாம்! கிளியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் கை கழுவ, அவள் கால்மாட்டில் இருந்த பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், ஊசி காகிதத்தின் விளிம்புக்கு எகிறியது.

"சார், நவுருங்க! ஐயோ, நவுருங்க சார்!"

அவர் நகர்ந்தால்தானே! வாயைப் பிளந்துகொண்டு ஊசியையே பார்த்தார். டியூபையும் மீறி மூத்திரம் பாய்ந்ததில் அவர் பேண்ட் தொப்பலாக நனைந்துவிட்டது. தபீதாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"பை தானா சுருங்குதும்மா" என்றார் டாக்டர், காகிதத்தைக் கிழித்தபடி. "தண்ணிச் சத்தத்துக்கே சுருங்குது. இது நோய்தான். மருந்து தரேன்."

கிளியம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"என் சேலை நனைஞ்சப்போ மனசுன்னீங்க. உங்க பேண்ட்டு நனைஞ்சதும் நோயின்றீங்க. நல்லா கீது சார் உங்க நாயம்!"

டாக்டர் தலை குனிந்தார். "தப்புதாம்மா. பேண்ட்டை மாத்திட்டு வந்து உன் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்றேன்."

"மாத்த வேணாம் சார். இப்டியே வந்து சொல்லுங்க."

வந்தார். நனைந்த பேண்ட்டோடு வராந்தாவில் நின்று சொன்னார். துளசிங்கம் பேண்ட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"சரி, எடம் உன்னுதுதான்" என்று முனகினான்.

"அத்த நீ குடுக்கத் தேவையில்ல, அது எப்பவும் என்னுதுதான். நீ போய் ஓலை வாங்கியா. கரையிலயே மறைப்பு ஒண்ணு கட்டணும்" என்று சொல்லிவிட்டு, கிளியம்மாள் அவனுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.